இரு கடல் சேரும் இடத்தில்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று கடலைப் பற்றிப் பேசப் போகிறோம். திருப்பருத்திக்குன்றத்தில் இருப்பவர்களுக்குக் கடலோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குத் தண்ணீர் என்றால் வேகவதி. அதிலும் பல மாதம் மணல்தான். சமணர் கோயில் விதானத்து ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பட்டு எடுக்க வருவார்கள். கடல் பார்க்க வேண்டும் என்றால் நாம்தான் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு மாலைத் திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் சக்ரீஸ்து வாசலில் காத்திருந்தார். அவருடைய பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லப் போவதில்லை. "ஃபாதர், பையன் ராமேஸ்வரத்துல காத்தாடி விடுறான்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

விவரம் இதுதான். இருபத்திரண்டு வயது மகன், நண்பனோடு ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குப் போனான். போன இடத்தில் கைட் சர்ஃபிங் என்னும் கடல் விளையாட்டைக் கற்றுத்தரும் ஓர் இடத்தில் உதவியாளாகச் சேர்ந்துவிட்டான். திரும்பி வரமாட்டேன் என்கிறான்.

தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் உள்ள அடி எங்கே விழுந்தது என்று சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் ஆகாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட நெய்பவரின் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள்தான் மகன். அவன் போனால் ஒரு பிள்ளை வெளியூர் போனது மட்டுமல்ல, தறியில் பாதி போய்விட்டது.

"சர்டிபிகேட் எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் ஃபாதர். அது இல்லாம எங்க போவான்?" என்று கேட்டார். மகனோடு பேசுவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. சொல்ல வேண்டியதைத் தாய் வழியாகத்தான் சொல்லி அனுப்பினார்.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? அந்தப் பிள்ளைக்குப் போன் செய்து நான்காம் கட்டளையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தோம். தாய் தந்தையை மதிக்க வேண்டும், குலத்தொழில் இப்படி, அப்பாவின் முதுகு இப்படி. அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "நீங்க ஒரு தடவை வந்து பாருங்க ஃபாதர். பார்த்துட்டுத் திட்டுங்க" என்றான். பார்க்காமல் திட்டியது நம் தவறு என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

ஜூலை மாதம் நம் பங்கிலிருந்து ஓரியூருக்கும், அங்கிருந்து தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்துக்கும் திருப்பயணம் போனோம். தந்தையையும் வற்புறுத்தி அழைத்துப் போனோம். மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், மதுரை தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ராமேஸ்வரம் தீவு இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்கைப் பெண் கடல் என்றும் அலையடிக்கும் தெற்கை ஆண் கடல் என்றும் மீனவ மக்கள் சொல்கிறார்கள். தனுஷ்கோடி பக்கம் போகப் போக நிலம் ஒரு நாக்கு மாதிரி ஒடுங்கி, இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கோடையில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடை. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் ஏதாவது ஒரு கரையில் இந்த விளையாட்டுக்கு ஏற்ற காற்று கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டவர்கூட இதற்காக வருகிறார்களாம்.

கைட் சர்ஃபிங் என்றால் என்ன? குழந்தைகள் விடும் பட்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சின்ன அறையின் தரையளவு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் துணி. அதன் முன்விளிம்பில் சைக்கிள் டியூப் மாதிரி காற்றடித்த குழாய் இருப்பதால் கடலில் விழுந்தாலும் மூழ்காது. அதிலிருந்து இருபது, இருபத்து நான்கு மீட்டர் நீளத்துக்கு நான்கு நூல்கள் இறங்கி, கையில் பிடிக்கும் ஒரு குறுக்குத் தடியில் வந்து சேருகின்றன. இடுப்பில் அகலமான வார் கட்டி, அதன் கொக்கியில் தடியின் நடுக்கயிற்றை மாட்டிக்கொள்கிறார்கள். காத்தாடியின் இழுப்பைத் தாங்குவது இடுப்பு. கை திசையைத் திருப்ப மட்டும். காலில் பலகை. காற்று இழுக்கிறது, பலகை நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதற்கும் பதக்கம் கொடுத்தார்கள். போட்டி மார்செய் கடலில் நடந்தது.

பையன் நம்மைக் கண்டதும் ஓடி வந்தான். அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டான். இருவரும் பேசவில்லை. பையனோடு நாம் பேசிக்கொண்டிருக்க, தந்தை பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்தார்.

"கத்துக்க வர்றவங்களுக்கு முதல்ல என்னப்பா சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டோம். பலகையில் ஏறி நிற்பதை, அல்லது காத்தாடியை எழுப்புவதைச் சொல்வான் என்று நினைத்தோம்.

"விடறதுக்கு ஃபாதர்" என்றான். "எப்படி விடறதுன்னுதான் முதல்ல."

அவன் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். தடியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் காத்தாடி காற்றை இன்னும் அதிகமாகப் பிடிக்கும், இழுப்பு கூடும். தடியைத் தள்ளிவிட்டால் காற்று வழுகிப் போகும், இழுப்பு குறையும். கேட்க எளிது. ஆனால் புதிதாக வந்தவருக்குத் திடீரென்று ஒரு பலத்த காற்று அடித்ததும் என்ன ஆகிறது? பயம். பயந்தால் மனிதர் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பார், தன் பக்கம் இழுப்பார். இழுத்தால் காத்தாடி இன்னும் பலமாக இழுக்கும். அது இழுக்க இழுக்கப் பயம் கூடும், பிடியும் கூடும். சில நொடியில் ஆளை நீரிலிருந்து தூக்கிக் கரையிலோ பாறையிலோ அடித்துவிடும். "அவங்களக் கொல்றது காத்தே இல்ல ஃபாதர், அவங்க பிடிதான்" என்றான். கற்றுத்தரும் இடத்தில் இதை நாளுக்குப் பத்து முறை சொல்வார்கள் போலிருக்கிறது. ஒப்புவிப்பது போலச் சொன்னான். நாம்தான் அதைக் கேட்டு அசந்து நின்றோம்.

தடியை விட்டும் போதவில்லை என்றால் இடுப்புக் கொக்கிக்கு மேலே சிவப்பாக ஒரு விடுவிப்பான் இருக்கிறது. அதைத் தள்ளினால் காத்தாடி ஒற்றை நூலில் தொங்கிச் சுருண்டு விழும். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த ஒற்றை நூலையும் கழற்றி, முழுவதையும் காற்றோடு போக விட வேண்டும். விலை எவ்வளவானாலும் போகட்டும் என்று விட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டு அறிந்து விடும் வரை பழக்குகிறார்கள்.

இந்த விளையாட்டின் வரலாறே இப்படித்தான் போயிருக்கிறது. காற்றடித்து மிதக்கும் இந்த வகைக் காத்தாடிக்கு 1984-இல் காப்புரிமை கேட்டவர்கள் பிரான்சு நாட்டின் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த லெகெஞு சகோதரர்கள், புரூனோ, டொமினிக். அவர்கள் ஊர்க் கடல் நம் கடல் மாதிரி வெதுவெதுப்பானதல்ல. பாறைகள் நிறைந்த குளிர்ந்த கடல். உடம்பு முழுவதும் ரப்பர் உடை இல்லாமல் அதிக நேரம் நிற்க முடியாது. குளிரில் விரல் மரத்துவிட்டால் பிடித்திருப்பதே தெரியாது, விடுவது எப்படி? தொடக்க காலத்துக் காத்தாடிகளுக்கு இழுக்கத் தெரிந்த அளவு தளரத் தெரியாது, பலர் உயிரிழந்தார்கள். தடியைத் தள்ளியதும் ஏறக்குறைய முழு இழுப்பையும் விட்டுவிடும் வில் வடிவக் காத்தாடியை அதே புரூனோ கொண்டுவந்தபோது 2005 ஆகிவிட்டது. பிடித்து இழுக்கும் காத்தாடியிலிருந்து விடத் தெரிந்த காத்தாடிக்கு வர இருபது ஆண்டு.

பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் காதில் இதெல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. எழுபது வயது இருக்கும். மோட்டார் வருமுன் பாய் கட்டி ஓடியவர். "சாமி, இது என்ன புதுசா? பாயோட தாமான் கயித்தக் கையில சுத்திக்கிறவன் செத்தான்னு எங்கப்பாரு சொல்லுவாரு" என்றார். தாமான் என்பது பாயின் கீழ் மூலையில் கட்டி இழுத்துப் பிடிக்கும் கயிறு. பிடிக்கலாம், ஒரு சுற்றுக் கட்டையில் போடலாம். கையில் சுற்றக் கூடாது. காற்று திடீரென்று திரும்பினால் அந்த நொடியே விட வேண்டும். கையில் சுற்றியவன் விட முடியாது; படகு கவிழும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டோம். இந்தக் காத்தாடிப் பிள்ளைகளால் தொழிலுக்கு இடைஞ்சல் உண்டா? சிறிது யோசித்துத்தான் பதில் சொன்னார். வலை கிடக்கும் பக்கம் வராதவரை இல்லை என்றார். முன்பு ஒருமுறை வந்ததாகவும் சத்தம் போட்டதாகவும், இப்போது காலையில் வந்து வலை எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள் என்றும் சொன்னார். கடற்கரை யாருடையது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடாது. விடுதிகள் பெருகினால் படகு இழுத்து வைக்க இடம் இருக்குமா என்ற கவலை அவர் பேச்சில் இருந்தது. அது நியாயமான கவலை என்றே நாமும் நினைக்கிறோம்.

கடலுக்கடியில் இருப்பதைப் பற்றியும் பையன் நிறையச் சொன்னான். வடகரையில் ஓலைக்குடா பக்கம் பவளப்பாறை. தெற்கே ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாகப் பவளத் தீவுகள். 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். 2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது. பாறை உள்ள பக்கம் இவர்கள் புதியவர்களை இறக்குவதில்லை. காலைக் கத்தி போல அறுக்கும் என்பது ஒன்று; மிதித்தால் பவளமும் சாகும் என்பது இன்னொன்று. மணல் தரையுள்ள, இடுப்பளவு நீரில்தான் பாடம்.

மாலையில் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை அலை இழுத்துப் போனதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இடிந்த கோவிலின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தொட்டுப் பார்த்தால் பவளக்கல். நம் முன்னோர் கடவுளுக்கு வீடு கட்டவும் அந்தப் பாறையைத்தான் வெட்டியிருக்கிறார்கள். கூரையில்லாத அந்தக் கோவிலுக்குள் நின்று செபமாலை சொன்னோம். காற்றில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை.

அங்கேதான் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. பாஸ்கா காலத்து வார நாள்களில் இந்நூலைத் தொடர்ந்து வாசிக்கும்போதும் அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். கப்பல் செய்திகள் மிகுதி என்று விட்டார்களோ என்னவோ. நாம் குருமடத்தில் படித்தபோதும் வேகமாகத்தான் புரட்டினோம். கடற்கரையில் நின்று வாசிக்க வேண்டிய அதிகாரம் அது.

தூய பவுலைக் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகும் கப்பலை வடகிழக்குப் பெருங்காற்று பிடித்துக்கொள்கிறது. அவர்கள் ஊர் வாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் 276 பேர். அந்த அதிகாரத்தில் மனிதர்கள் எதையெல்லாம் விடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முதலில் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். மறுநாள் கப்பலின் தளவாடங்களை. பதினான்காம் இரவு, மாலுமிகள் தாங்கள் மட்டும் தப்பிக்க இறக்கிய சிறு படகின் கயிற்றைப் படைவீரர்கள் அறுத்துவிடுகிறார்கள். பிறகு வயிறார உண்டுவிட்டு, எஞ்சிய கோதுமையையும் கொட்டுகிறார்கள். கோதுமைதான் அந்தக் கப்பலின் வருமானம் என்பதை மறக்க வேண்டாம். விடிந்ததும் நங்கூரங்களை அறுத்து விடுகிறார்கள். நம்மைக் காப்பது என்று எதைப் பிடித்திருந்தார்களோ அதையே விட்டார்கள். முன்பாயைக் காற்றுக்கு விரித்துக் கரையை நோக்கி ஓட, கப்பல் ஒரு திட்டில் மோதி உடைகிறது. அந்த இடத்துக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் பொருள், இரு கடல் உள்ள இடம். நாம் நின்றுகொண்டிருந்ததும் அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான்.

கப்பல் தப்பவில்லை. மனிதர் தப்பினார்கள், 276 பேரும். நீந்தத் தெரிந்தவர் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். பிடிப்பதே கூடாது என்று பவுலின் கடவுள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பலகையைப் பிடிக்கலாம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரிய பதினான்கு இரவு ஆயிற்று.

இதையெல்லாம் நாம் அந்தத் தந்தையிடம் சொன்னோமா? சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. மகனுக்குப் போனில் செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை புறப்படுமுன் மீண்டும் அந்தக் கரைக்குப் போனோம். பிள்ளைகள் காத்தாடிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பையன் நான்கு நூல்களையும் மணலில் நீளமாக விரித்து, விரல் இடுக்கில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு நடந்தான். நூல்கள் நான்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று நீண்டுவிட்டால் காத்தாடி ஒரு பக்கம் சாயும். சின்ன முடிச்சு விழுந்திருந்தாலும் அந்த இடத்தில் நூலின் பலம் குறையும், காற்றில் அங்கேதான் அறும்.

தந்தை எழுந்து போனார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பதை நாற்பது ஆண்டு பார்த்த கண் அது. ஒன்றும் கேட்காமல் குனிந்து ஒரு நூலைக் கையில் எடுத்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விட்டுக்கொண்டு மெல்ல நடந்தார். பையன் ஏற்கெனவே பார்த்து முடித்த நூல் அது. பாதி தூரத்தில் நின்றார்.

"இங்க ஒண்ணு இருக்கு பாரு."

நம் கண்ணுக்குத் தெரியவேயில்லை. கடுகளவு முடிச்சு. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நகத்தால் நெருடி நெருடி, அறுக்காமல் அவிழ்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பையன் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து நூலின் மறு பக்கத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். தறியில் உட்கார்ந்த மாதிரியே. "இது என்ன நூலு? பட்டவிட உறுதியா இருக்கே" என்று கேட்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசியது அதுதான்.

திரும்பும்போது அவர் மடியில் மஞ்சள் பை இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று நாம் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

பையன் கிறிஸ்துமசுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வாடைக் காற்று தொடங்கிவிட்டது, வேலை இருக்கிறது என்றான். தந்தை இப்போது கோர்வை நெய்வதில்லை. பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கோர்வை இல்லாத சேலையாக எடுத்து நெய்கிறார், கூலி குறைவு. அண்மையில் ஒரு நாள் வீடு மந்திரிக்கப் போனபோது தறிப்பலகையில் அவர் பக்கத்து இடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன்மேல் ஒன்றும் வைக்கவில்லை. "வச்சா அடைஞ்சுக்கும் ஃபாதர்" என்றார்.

அவருக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும், இன்று கடலுக்குப் போயிருக்கும் எல்லாருக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொள்ளுங்கள். வணக்கம்.